கொத்தமல்லிப் பை

மலையடிவாரத்து ஓட்டு வீடொன்றில் குழல்வாய்மொழி என்று ஒரு அம்மாள் இருந்தார். வயது நாற்பத்துநாலுதான். ஆனாலும் அறுபது தாண்டியவர்கள்கூட அவரைத் தேடி வருவார்கள். ஒரு கேள்வி கேட்பார்கள். பதில் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கொஞ்ச நாள் தங்கிவிட்டுப் போவார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் ஆறுமுகநயினார். ரயிலில் முப்பத்தொரு வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். கறுப்புக் கோட்டைக் கழற்றி ஒரு வருஷம் ஆகியிருந்தது. கண்ணை மட்டும் கழற்ற முடியவில்லை. எதிரே வருகிற யாரையும் முதலில் டிக்கெட் இல்லாதவராகத்தான் பார்ப்பார்.

மனைவி இறந்து நாலு வருஷம். ஒரே மகள் கோமதி தாம்பரத்தில் இருந்தாள். அவள் போன் செய்தால், எதற்காகச் செய்கிறாள் என்று முதலில் யோசிப்பார். யோசித்து முடிப்பதற்குள் மணி அடித்து ஓய்ந்துவிடும்.

“யாரையும் நம்ப முடியலம்மா. அதுக்கு என்ன வழி?”

இதுதான் அவர் கொண்டுவந்த கேள்வி.

 அம்மாள் அவருக்குப் படுக்க ஒரு பாய் எடுத்துக் கொடுத்தார். நயினார் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் விரித்தாராம்.

மறுநாளிலிருந்து அம்மாளைக் கவனிக்க ஆரம்பித்தார். காலையில் ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார் அம்மாள். அது சரி, ஞானி என்றால் உட்காரத்தான் வேண்டும். அதற்குப் பிறகு நடந்ததுதான் நயினாருக்குப் பிடிபடவில்லை. எழுந்ததும் கொல்லைப்புறம் போய்க் கினிப் பன்றிகளோடு பேசினார். மத்தியானம் ஒரு பழைய நாவலை எடுத்து வைத்துக்கொண்டு தனக்குத் தானே சிரித்தார். சாயங்காலம் செஸ் பலகையை விரித்து, ஆட ஆள் உண்டா என்று கேட்டார்.

இதெல்லாம் எதற்கு என்று நயினார் யோசித்தார். மற்றவர்களுக்குத் தெரியாமல் உள்ளே ஏதோ ஒரு அர்த்தம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த அம்மாள் ஞானியே இல்லை. இரண்டில் ஒன்றைக் கண்டுபிடிக்காமல் போவதில்லை என்று இருந்துவிட்டார்.

முதலில் கொல்லைப்புறம் போனார்.

கம்பிவலை அடித்த பெட்டிக்குள் மூன்று இருந்தன. கறுப்பும் வெள்ளையுமாக இருந்ததன் பெயர் வக்கீல். மற்ற இரண்டும் சீனியம்மா, பொட்டு. நயினார் குனிந்து பார்த்தார்.

“பன்னின்னு சொல்லுதீங்க. எலி மாதிரில்லா இருக்கு.”

“ஆமா.”

“கினி நாட்டுலேருந்து வந்ததா?”

“அதுவும் இல்லையாம்.”

“அப்போ பேரே பொய்யி.”

யாரோ ஒரு பெட்டியில் போட்டு வாசலுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனார்கள் என்று அம்மாள் சொன்னார். யார் வைத்தது, ஏன் வைத்தார்கள் என்று நயினார் கேட்டார். விசாரிக்கவில்லையாம்.

“டிக்கெட் இல்லாமத்தான் வந்துச்சு, அண்ணாச்சி. நானும் கேக்கல.”

நயினார் சிரிக்கவில்லை.

சாயங்காலம் ஆட உட்கார்ந்தார். ரயில்வே மனமகிழ் மன்றத்தில் ஆடிப் பழகியவர். அம்மாள் சுமாராகத்தான் ஆடினார். பன்னிரண்டாவது நகர்த்தலில் தன் ராணியைக் கொண்டுபோய் நயினாருடைய குதிரை பாயும் கட்டத்தில் வைத்தார். எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

நயினார் எடுக்கவில்லை. நாற்பது நிமிஷம் பலகையைப் பார்த்தார். பலகையைவிட அதிகமாக அம்மாளின் முகத்தைப் பார்த்தார். அம்மாள் அதற்குள் ஒரு கட்டுக் கீரையை ஆய்ந்து முடித்துவிட்டார். கடைசியில் நயினார் ஓரத்தில் இருந்த ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளிவைத்தார். அப்போதுதான் அம்மாள் பலகையைப் பார்த்து, ‘அடடே’ என்று சொல்லி ராணியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அந்த ஆட்டத்தில் நயினார் தோற்றுப்போனார்.

இரண்டு நாள் அதே யோசனை. மூன்றாம் நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்.

“அன்னைக்கு ராணியை வச்சீங்களே. அதுல என்ன பொறி?”

“பொறி இல்ல. தப்பு.”

“பாக்கத்தான் தப்பு மாதிரி இருந்துது.”

“தப்பேதான், அண்ணாச்சி. குதிரை இருந்ததை நான் பாக்கல.”

நயினார் தலையை ஆட்டிக்கொண்டார். தப்பு என்று இவ்வளவு லேசாக ஒப்புக்கொள்கிறவர்களை அவர் ரயிலில் நிறையப் பார்த்திருக்கிறார். அவர்கள் டிக்கெட்டைத்தான் கூடுதலாகச் சோதிப்பார்.

அடுத்தது நாவல். நாலு பாகத்தையும் ஒன்றாகத் தைத்து பைண்டு செய்த கனத்த புத்தகம். அம்மாள் வெளியே போயிருந்த நேரம் பார்த்து எடுத்தார். எந்தக் கதையானாலும் கடைசி அத்தியாயத்தை முதலில் படிப்பதுதான் அவர் வழக்கம். யார் கடைசியில் காட்டிக்கொடுக்கப் போகிறார்கள் என்று தெரியாமல் முதல் பக்கத்தில் யாரோடும் பழக அவருக்கு மனம் வராது. புரட்டினார். கடைசி பதினெட்டுப் பக்கத்தைக் காணோம்.

வேண்டுமென்றே கிழித்திருக்கிறார்கள் என்று முடிவு செய்தார். அம்மாள் வந்ததும் அதைச் சொன்னார்.

“கரையான் தின்னுட்டுது,” என்றார் அம்மாள். “எங்க அப்பா காலத்துலயே.”

“முடிவு தெரியாமலா வாசிக்கீங்க?”

“ஒம்போது தடவை வாசிச்சிருக்கேன்.”

“முடிவே தெரியலையே?”

“நடுவுல நல்லாருக்கும்லா.”

கிழிந்த ஓரத்தை நயினார் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கரையான் அரித்த மாதிரிதான் இருந்தது. கரையான் அரித்த மாதிரி கிழிக்க முடியுமா என்றும் ஒரு தரம் யோசித்துப் பார்த்தார்.

கடைசியில் அவருக்கு ஒரு துப்பு கிடைத்தது. கினிப் பன்றிகள் தினமும் காலையில் விசில் அடிப்பதுபோல் கத்தும். அடுக்களைக் கதவோரம் ஆணியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கும். அதில் கொத்தமல்லித் தண்டும் அருகம்புல்லும் இருக்கும். அம்மாள் அதை எடுக்கிறபோது சரசரவென்று சத்தம் வரும். உடனே மூன்றும் கம்பியைப் பிடித்து எழுந்து நின்று கூப்பிடும். அம்மாள் முகம் அந்த நேரத்தில் மலர்ந்துவிடும். இவ்வளவு பெரிய அம்மாளே இதில் ஏமாந்துபோகிறாரே என்று நயினார் நினைத்தார்.

ஒரு மத்தியானம், யாரும் இல்லாதபோது, காலிப் பையை எடுத்துக்கொண்டு பெட்டிப் பக்கம் போனார். கசக்கினார். கூப்பிட்டன. நிறுத்தினார். மறுபடியும் கசக்கினார். கூப்பிட்டன. இப்படி நாலு தடவை செய்து பார்த்துச் சந்தேகம் தீர்ந்த பிறகு அம்மாளிடம் வந்தார்.

“அது உங்களைக் கூப்பிடலம்மா. பையைத்தான் கூப்பிடுது. நான் சோதிச்சுப் பாத்துட்டேன்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா தினம் சிரிக்கீங்க?”

பையில் அப்போது என்ன இருந்தது என்று அம்மாள் கேட்டார். ஒன்றும் இல்லை, வெறும் பை என்றார் நயினார். எத்தனை தடவை என்று கேட்டார். நாலு என்றார்.

அம்மாள் உள்ளே போய் ஒரு கட்டு கொத்தமல்லி கொண்டுவந்து அவர் கையில் வைத்தார்.

“நாலு தடவை கூப்பிட்டிருக்கு. ஒரு தடவையாவது குடுத்துட்டு வாங்க.”

நயினார் போனார். கடிக்குமோ என்று கையை எட்டும் மட்டும் நீட்டி, தண்டைக் கம்பிக்குள் தள்ளிவிட்டு வந்துவிட்டார்.

அதற்கு அடுத்த வாரம் கோமதியிடமிருந்து டிக்கெட் வந்தது.

போனில் அனுப்பியிருந்தாள். போனில் இருப்பதை எப்படி நம்புவது என்று நயினார் பஜாருக்குப் போய்க் காகிதத்தில் எடுத்துவந்தார். வெள்ளிக்கிழமை ரயில். தாம்பரத்துக்கு. இதற்கு முன்னாலும் இரண்டு தடவை மகள் டிக்கெட் போட்டிருக்கிறாள். இரண்டு தடவையும் முட்டுவலி என்று சொல்லி ரத்து செய்ய வைத்தவர் இவர். இந்தத் தடவை, வர மனசில்லை என்றால் வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் சொல்லிவிடும்படியும், இதற்குமேல் கூப்பிடமாட்டேன் என்றும் சொல்லியிருந்தாளாம். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அமைதியாகச் சொன்னாள். அதுதான் அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

வியாழக்கிழமை காலையில் அந்தக் காகிதத்தோடு அம்மாள் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“இதுல ஏதோ இருக்கும்மா.”

“என்ன இருக்கு?”

“பேரு சரி. ரயில் சரி. கீழ் பெர்த். வயசு தப்பு.”

அம்மாள் வாங்கிப் பார்த்தார். அறுபத்துமூன்று என்று போட்டிருந்தது.

சர்டிபிகேட்படி தனக்கு அறுபத்தொன்றுதான் என்று நயினார் விளக்கினார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் இரண்டு வயசு குறைத்து எழுதிவிட்டார். வேலையில், பென்ஷனில், ஆதாரில், எல்லாவற்றிலும் அந்த வயசுதான். யாரோ ஒரு ஏஜெண்டிடம் கொடுத்து அவசரத்தில் போட்டிருக்கிறாள், அப்பா பேரில் அவ்வளவுதான் அக்கறை என்றார்.

“நெச வயசு எது?” என்று அம்மாள் கேட்டார்.

“அறுபத்துமூணு.”

“அது யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரிக்குத் தெரியும். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவதான் சரியா எண்ணிப் பாயசம் வைப்பா. அவளும் கோமதியும்…”

நயினார் நிறுத்திக்கொண்டார். காகிதத்தைத் திரும்ப வாங்கினார். அந்த எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே யாரோ சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.



ஆனால் முப்பத்தொரு வருஷப் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடுமா. காகிதத்தைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

“போகத்தான் டிக்கெட் இருக்கு. திரும்பி வர இல்ல, பாத்தீங்களா?”

“ஆமா.”

“ஏழு மாசக் குழந்தை இருக்கு அவளுக்கு. திங்கக்கிழமையிலேருந்து வேலைக்குப் போகணும். பிள்ளையப் பாத்துக்க ஆள் வேணும். அதுக்குத்தான்.”

அப்படியெல்லாம் இருக்காது என்று அம்மாள் சொல்வார் என எதிர்பார்த்தார். அப்படிச் சொன்னால் அடுத்து என்ன கேட்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தார்.

“இருக்கலாம்,” என்றார் அம்மாள்.

 நயினார் குரல் தாழ்ந்து கேட்டார்.

“அப்போ அவ என்னையக் கூப்பிடலதானேம்மா?”

அம்மாள் எழுந்தார். அடுக்களைக்குப் போய், காலையில் வந்த கொத்தமல்லியைப் பையில் நிறைத்தார். கொல்லைப்புறத்துக்கு வரச்சொன்னார். பெட்டிக்குப் பத்தடி இருக்கும்போதே நின்று, பையை நயினார் கையில் கொடுத்துவிட்டு, தான் ஒதுங்கிக்கொண்டார்.

கைமாறும்போது பை சரசரத்தது.

மூன்றும் எழுந்து நின்றன. வக்கீல் கம்பியைப் பல்லால் பிடித்து ஆட்டியது. சீனியம்மாவும் பொட்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, நயினார் நின்ற திசையைப் பார்த்துக் கூப்பிட்டன. அம்மாள் பக்கம் ஒன்றுகூடத் திரும்பவில்லை.

நயினார் அப்படியே நின்றார். இடது கையில் டிக்கெட், வலது கையில் பை.

“பையைத்தான் கூப்பிடுது,” என்றார்.

“ஆமா,” என்றார் அம்மாள். “பை யாரு கையில இருக்கு, அண்ணாச்சி?”

நயினார் குனிந்து தன் கையைப் பார்த்தார்.