பிரிக்காத பின்சீட்டு

பூஸ்டர் சீட் வழுக்கியது. பிள்ளைக்கு உதடு கிழிந்தது. நடந்தது அவ்வளவுதான். அதற்கு யார் காரணம் என்று தெரிவதற்குள் ஒரு காரே கைமாறப் பார்த்தது.

கோயம்புத்தூரில் ஒரு வீட்டு போர்ட்டிகோவில் அந்தக் கார் நின்றது. சிவப்பு நிறம். இரண்டே கதவு. தரையோடு தரையாகப் படுத்திருக்கும். கிளப்பினால் பக்கத்துத் தெரு நாய் வரைக்கும் எழுந்துகொள்ளும். பம்புசெட் பட்டறை வைத்திருந்த சிவபிரகாஷ், வீட்டிலிருந்த பெரிய காரைத் தள்ளிவிட்டு இதைப் பழசாக வாங்கிவந்தான். வீட்டில் நான்கு பேர் இருக்கிறார்களே என்று அவன் யோசிக்கவில்லை. அவன் மனைவி கோகிலா யோசித்தாள். யோசித்ததைத் தினமும் சொன்னாள்.

அந்தக் காருக்கு ஒரு பின்சீட்டும் உண்டு. பேருக்குத்தான். அதன்மேல் ஹெல்மெட் இருந்திருக்கிறது. காய்கறிப் பை இருந்திருக்கிறது. ஒருமுறை பூசணிக்காய் உருண்டிருக்கிறது. மனுஷர் யாரும் உட்கார்ந்ததில்லை. கம்பெனியில் போட்டுவிட்ட பிளாஸ்டிக் கவர்கூட அப்படியே இருந்தது. முதலில் வாங்கியவன் பிரிக்கவில்லை. பிரித்தால் வண்டிக்கு மதிப்புப் போய்விடும் என்று சிவபிரகாஷும் பிரிக்கவில்லை.

பின்சீட்டுக்கு ஒரே ஆசை. யாராவது தன்மேல் உட்கார வேண்டும். வேறொன்றும் அது கேட்கவில்லை.

ஆகையால் இரண்டு பூஸ்டர் சீட்டுகள் வந்து இறங்கியபோது அது பூரித்துப்போனது. மூத்தவள் வர்ணிகாவுக்குப் பெரியது. இளையவன் மிதுனுக்குச் சின்னது.

"நீங்க ரெண்டு பேரும் யாருப்பா?" என்று கேட்டது.

"நாங்க தூக்கிக் கொடுக்கிற ஆளுங்க," என்றது பெரிய பூஸ்டர்.

"எதைத் தூக்குவீங்க?"

பதிலைப் பெல்ட் சொன்னது. "பிள்ளைங்களைத்தான். என்னைப் பெரியவங்க தோள் உயரத்துக்குத்தான் மாட்டியிருக்காங்க. குட்டிப் பிள்ளை உட்கார்ந்தா நான் கழுத்துல போய் நிப்பேன். நினைச்சா எனக்கே பயமா இருக்கு. இதுங்க ரெண்டும் பிள்ளையை ஒரு சாண் உசத்திக் கொடுத்தா, நான் தோள்ல ஒழுங்கா விழுவேன்."

"பந்தய வண்டியில பால்வாடி நடத்துறாங்க," என்று கார் உறுமியது. "என் மானமே போச்சு."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிவபிரகாஷ் வேலையை ஆரம்பித்தான். பின்னால் கதவு கிடையாது. முன்சீட்டை மடக்கி, தலையை உள்ளே நுழைத்து, முதுகைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டு வெகுநேரம் முக்கினான். பெல்ட்டின் கொக்கியை மாட்டுவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. வர்ணிகாவை மட்டும் உட்காரவைத்து, "தெருமுனை வரைக்கும் ஒரு ரவுண்டு பாக்கலாம் கண்ணு" என்று கிளப்பினான்.

தெருமுனையில் ஒரு தண்ணி கேன் வண்டி குறுக்கே வந்தது. பிரேக் போட்டான்.

கார் நின்றது. பூஸ்டர் நிற்கவில்லை. சோப்புக்கட்டி மாதிரி முன்னால் போனது. பிள்ளை பெல்ட்டுக்கு அடியில் நழுவி, முன்சீட்டின் முதுகில் முகத்தை இடித்துக்கொண்டாள். பெல்ட் தாடையில் மாட்டி நின்றது. அது நின்றது நல்லதாகப் போயிற்று.

கோகிலா ஓடிவந்து பிள்ளையை வெளியே எடுத்தாள். முந்தானையால் உதட்டைத் துடைத்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"ஏனுங்க, இந்த வண்டிய வித்துப்போடுங்க."

"இரு கோகிலா. ஒருக்கா சரியா மாட்டிப்போட்டா..."

"ஞாயித்துக்கிழமை கோத்தகிரியில எந்தம்பி வூட்டுக் கிரகப்பிரவேசம். அன்னிக்கு ஒருக்கா மாட்டிக் காட்டுங்க. இந்தச் சீட்டு ஒரு விரக்கடை ஆடுச்சுன்னா நானும் பிள்ளைங்களும் பஸ்ஸுல போயிக்கறோம். திங்கக்கிழமை வண்டி வெளிய போயிரோணும். ஆமாஞ் சொல்லிப்போட்டேன்."

அவன் காரைக் கொண்டுவந்து போர்ட்டிகோவில் நிறுத்தினான்.

வீட்டுக்காரர்கள் உள்ளே போனதும் காருக்குள் சண்டை தொடங்கியது.

"இந்தக் குண்டனைக் கூட்டிவந்ததுதான் தப்பு," என்றது கார். "நான் நிறுத்தினேன். அவன் நிக்கல. தப்பு யார் பேர்ல?"

"என்னைச் சொல்லாதீங்க," என்றது பெரிய பூஸ்டர். "எனக்கு அடியில நாலு ரப்பர் கால் இருக்கு. ஊன்றப் பார்த்தேன். பிடிமானமே கிடைக்கல."

"பெல்ட்டு இறுக்கிப் பிடிச்சிருக்கலாம்," என்றது கார்.

"நான் பிள்ளையைப் பிடிப்பேனா, அவ உட்கார்ந்திருக்கிற பெட்டியைப் பிடிப்பேனா?" என்று பெல்ட் சீறியது.

"என் முதுகுல ரத்தம்," என்றது முன்சீட்டு. "யாராச்சும் துடைச்சீங்களா? நீங்க பாட்டுக்குப் பஞ்சாயத்துப் பேசுங்க."

கவர் மட்டும் பேசவில்லை. கவரை யாரும் சந்தேகப்படவும் இல்லை. அது கண்ணாடி மாதிரி. அங்கே இருப்பதே தெரியாது. தெரிந்தபோதெல்லாம் எல்லோரும் மெச்சியிருக்கிறார்கள். இத்தனை வருஷமாக ஒரு தூசி, ஒரு கறை உள்ளே விட்டதில்லை.

சனிக்கிழமை காலையில் ஒரு புரோக்கர் வந்தார். கோகிலா போன் போட்டு வரச்சொல்லியிருந்தாள். பொறுமைசாலி இல்லை அவள். புரோக்கர் காரைச் சுற்றிப் பார்த்தார். கதவைத் திறந்து உள்ளே கையை நீட்டி, கவரைத் தடவினார்.

"கவர்கூடப் பிரிக்கலீங்களே! இதுக்குன்னே தனி மரியாதைங்க." கவர் பெருமையில் சரசரத்தது. "கைவசம் ஒரு பையன் இருக்கானுங்க. கல்யாணமாகாத பையன். பின்சீட்டே வேண்டாங்கறான். அதைப் பிடுங்கிப்போட்டுட்டு ஸ்பீக்கர் பெட்டி வெக்கோணுமாம்."

"அப்ப சீட்டு?" என்றான் சிவபிரகாஷ்.

"கவரோட தூக்கிப் பரண்மேல போட்டுருவான். புதுசாட்டவே கெடக்குமுங்க. திங்கக்கிழமை கூட்டிட்டு வரட்டுங்களா?"

"நாளைக்குச் சொல்றேன்," என்றான். அவன் குரல் அவனுக்கே கேட்டிருக்காது.

மத்தியானம் வெயில் காருக்குள் கொதித்தது. காருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கல்யாணமாகாத பையன்! இனிமே எனக்கு நல்ல காலம். நாளைக்கும் அந்தக் குண்டன் வழுக்கட்டும், கிடைச்சது விமோசனம்."

பின்சீட்டு அழவில்லை. சீட்டுகள் அழாது. உள்ளே பஞ்சு கொஞ்சம் இறுகும். அவ்வளவுதான்.

கவர் மெதுவாகப் பேசியது. "எதுக்கு ராசா மனசு விடறே? பரண்மேல போனா உனக்குத்தான் நல்லது. வெயில் கிடையாது. காய்கறிப் பை கிடையாது. தூசி விழுந்தா என்மேல விழும். நான் இருக்கேன் உனக்கு."

"நீங்க இருப்பீங்க, கவரண்ணா. எனக்குத் தெரியும்."

"பின்னே? நீ பிறந்த நாளா உன்மேல ஒரு கறை பட்டிருக்கா? சொல்லு. அப்படிக் காபந்து பண்ணியிருக்கேன்."

"யாருக்காக?"

"என்ன கேள்வி இது? உட்கார வர்றவங்களுக்காகத்தான்."

"வந்தாங்களே அண்ணா," என்றது பின்சீட்டு. "நேத்து சாயங்காலம் வந்தாங்க."

கவர் ஓரத்தில் லேசாகச் சரசரத்தது.

"நேத்து அந்தப் பிள்ளை உட்கார்ந்துச்சு. அது எவ்வளவு கனம்னுகூட எனக்குத் தெரியல. ஏதோ ஒண்ணு மேல வந்தது, போனது. நான் பிடிக்கணும்னு பார்த்தேன். என் கையில எதுவும் வரல. நடுவுல நீங்க இருந்தீங்க."

காருக்குள் எல்லோருக்கும் அது கேட்டது. பெரிய பூஸ்டர் தன் ரப்பர் கால்களை நினைத்துக்கொண்டது. கார்கூட உறுமவில்லை. இவ்வளவு நேரம் ஒருவரையொருவர் கடித்துக் குதறியவர்களுக்கு, கண்ணுக்கு நேரே இருந்த ஒன்று அப்போதுதான் தெரிந்தது.

சின்ன பூஸ்டருக்கு மட்டும் பொறுக்கவில்லை. "அப்ப கவரண்ணன்தான் தள்ளிவிட்டாரா?"

"வாயை மூடு," என்றது பெரியது.

"இல்ல, கேட்கட்டும்," என்றது கவர். "பிள்ளைக்கு எங்கே அடி?"

"உதட்டுல."

"நிறைய ரத்தமா?"

"என் முதுகைப் பாருங்க," என்றது முன்சீட்டு.

கவர் பார்த்தது. ஒரு சின்னக் கறை, காய்ந்து கறுத்திருந்தது. வாழ்க்கை முழுக்கக் கறை என்றால் கவருக்கு ஆகாது. அந்தக் கறையை அது ரொம்ப நேரம் பார்த்தது.

"தம்பி," என்று பெரிய பூஸ்டரைக் கூப்பிட்டது. "உன் அடியில ஒரு மூலை கூராத் துருத்திட்டு இருக்குதே, அது நிஜமா?"

"ஆமாங்கண்ணா. செய்யும்போதே அப்படி ஆயிடுச்சு. யாரையும் குத்தாம ஒதுக்கி வச்சுக்குவேன்."

"நாளைக்கு ஒதுக்காதே. வலது ஓரத்துல எனக்கு ஒரு மடிப்பு இருக்கு. வெயில்ல காஞ்சு ஏற்கெனவே விட்டுப்போச்சு. இத்தனை நாளும் மூச்சை அடக்கித்தான் பிடிச்சிட்டிருக்கேன். அந்த மடிப்புல மூலையை வை."

"கிழிஞ்சிருவீங்க."

"வைடான்னா!"

பின்சீட்டு பதறியது. "அண்ணா, வேண்டாம். வெளியே தூக்கி எறிஞ்சிருவாங்க."

"எறியட்டும். எறியாம மடிச்சா வைப்பாங்க? நான் என்ன பட்டுப்புடவையா?"



ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. கோகிலா தலையில் பூவும் கையில் பஸ்ஸுக்குச் சில்லறையுமாக போர்ட்டிகோவில் நின்றாள். பிள்ளைகள் பட்டுப்பாவாடையும் வேட்டியுமாகப் படியில் உட்கார்ந்திருந்தார்கள். வர்ணிகாவின் உதடு இன்னும் வீங்கித்தான் இருந்தது. சிவபிரகாஷ் முன்சீட்டை மடக்கி உள்ளே நுழைந்தான்.

பெரிய பூஸ்டரை வலது ஓரத்தில் வைத்தான். முழங்காலை அதன்மேல் ஊன்றினான். முழு எடையையும் போட்டு அமுக்கினான்.

பெரிய பூஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு மூலையை நீட்டியது. கவர், பிடித்திருந்த மூச்சை விட்டது.

"மேல அழுக்குப் படும் ராசா," என்றது. "பொறுத்துக்கோ."

சர்ரென்று ஒரு சத்தம். வலது ஓரத்திலிருந்து இடது ஓரம் வரைக்கும் ஒரே கிழி.

"ஐயையோ, கவர் போச்சே!" என்று சிவபிரகாஷ் கத்தினான். "திங்கக்கிழமை வர்றவன் என்ன சொல்லுவான்?"

"உள்ள என்ன பண்றீங்க? தள்ளுங்க." கோகிலா எட்டிப் பார்த்தாள். தொங்கிய பிளாஸ்டிக்கை விரலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு உள்ளே தெரிந்த முரட்டுத் துணியைத் தேய்த்துப் பார்த்தாள். மறுபடியும் பிளாஸ்டிக்கை.

"ஏனுங்க, இதுக்கு மேலயா பிள்ளைய உக்காரவெச்சீங்க? எண்ணெய் தடவுன பலகையாட்ட இருக்குது!"

"புது வண்டியாட்டத் தெரியோணும்னு..."

"ஆருக்குங்க தெரியோணும்?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. மிச்சத்தைக் கைக்கு வந்தபடி பிய்த்து இழுத்து, சுருட்டி, போர்ட்டிகோ ஓரத்துக் குப்பைக்கூடையில் திணித்தாள். கூடையில் நேற்றைய முருங்கைக்காய்ச் சக்கை இருந்தது. ஒரு கறைக்கும் இடம் கொடுக்காத கவர் அதன்மேல் கிடந்தது.

பின்சீட்டின்மேல் முதன்முதலாகக் காற்றுப் பட்டது. பிறகு ரப்பர் கால்கள் பட்டன. பூனை மடியில் ஊன்றுகிற மாதிரி ஊன்றின. பெல்ட் இறங்கி, கொக்கி விழுந்தது. கோகிலா பூஸ்டரை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். கார் ஆடியது. பூஸ்டர் ஆடவில்லை.

"ஏறு சாமி," என்றாள்.

வர்ணிகா ஏறினாள். உதட்டைத் தொட்டுக்கொண்டே உட்கார்ந்தாள். பக்கத்தில் மிதுன். அப்போதுதான் பின்சீட்டுக்குத் தெரிந்தது, ஒரு பிள்ளை எவ்வளவு கனம் என்று. பூசணிக்காயைவிடக் கனம். ஆனால் பூசணிக்காய் சும்மா கிடக்கும். இது அசைந்துகொண்டே இருந்தது.

மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினார்கள். ஒரு வளைவு திரும்பியதும் நடுரோட்டில் ஒரு காட்டெருமை. ஆள் உயரம். தலையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. சிவபிரகாஷ் பிரேக்கை அழுத்தினான். முன்னால் இருந்த தேங்காய்ப் பை பறந்து கண்ணாடியில் மோதியது. கோகிலா, "என்ர பிள்ளைங்க!" என்று அலறித் திரும்பினாள்.

பிள்ளைகள் இருந்த இடத்தில் இருந்தார்கள். பெல்ட் தோளில் கிடந்தது. மிதுன் கையிலிருந்த பால் பாட்டில்தான் கவிழ்ந்து, பின்சீட்டெல்லாம் பால்.

"ம்மா, மாடு!" என்றான் மிதுன். வர்ணிகா சிரித்தாள். உதடு வலித்ததில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

கோகிலா போனை எடுத்துப் புரோக்கருக்குச் சொன்னாள். "வரவேண்டாமுங்க."

கிரகப்பிரவேச வீட்டு வாசலில் காரைச் சுற்றிக் கூட்டம். கோகிலாவின் தம்பி குனிந்து உள்ளே பார்த்தான். "பரவால்லீங்களே மாமா, இத்தனூண்டு எடத்துல ரெண்டு சீட்டு! ஆருங்க மாட்டுனது?"

"நான்தான் மாப்ள," என்றான் சிவபிரகாஷ். "கொஞ்சம் அமுக்கோணும். டெக்னிக் இருக்குது."

கூட்டம் சாப்பிடப் போனதும் காருக்குள்ளும் அதே பேச்சு.

"என் பிரேக்கைப் பார்த்தீங்கல்ல?" என்றது கார். "பிள்ளைங்களை ஏத்திட்டு அப்படி நிறுத்த எவனால முடியும்?"

"நான் பிடிச்ச பிடி," என்றது பெல்ட்.

பெரிய பூஸ்டர் மட்டும் தன் மூலையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் துணுக்கை உதறாமல் வைத்திருந்தது.

பின்சீட்டில் பால் காய்ந்து கறை பிடிக்கத் தொடங்கியிருந்தது. முறுக்குத் துகள் தையலில் ஏறியிருந்தது. யாரோ சந்தனக் கையைத் துடைத்திருந்தார்கள். சின்ன பூஸ்டர் பின்சீட்டைப் பார்த்துக் கேட்டது.

"எல்லாரும் நான் நான்ங்கறாங்க. நீங்க சொல்லுங்க. நிஜமா இதைச் சரிபண்ணினது யாரு?"

பின்சீட்டு சொன்னது:

"கவரண்ணன்."