அடி வாங்கிய பக்கம்

ஆசானைத் தேடி மலையேறிப் போன சீடர்கள் உண்டு. நாச்சிமுத்து சிங்காநல்லூரில் இருந்த ஒரு கார் பட்டறைக்குப் போனார். சீடருக்கு வயது ஐம்பது, ஆசான் தமயந்திக்கு முப்பத்து மூன்று. லாரி ஓட்டி அலுத்துப்போன மனுஷனை அந்த வயதில் வேறு யார் சேர்த்துக்கொள்வார்கள்? அந்த நன்றியில் பட்டறை வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். காலில் ஆணி ஏறினால் யார் பார்ப்பது என்று அவள் சத்தம் போட்ட பிறகுதான் அந்த பக்தி நின்றது.

ஹெலன் என்ற அம்மாவின் பழைய அம்பாசடர் வேலைக்கு வந்திருந்தது. புது எஞ்சின் ஏற்றியாகிவிட்டது. அடுத்து அகலமான சக்கரங்கள். அதற்கு இரண்டு பின் சக்கரங்களையும் தாங்கும் இரும்புத் தண்டை, ஒரு ஜீப்பின் பின் ஆக்சிலை, வெட்டிக் குறுக்கிப் பொருத்த வேண்டும். எவ்வளவு வெட்டுவது என்று அளந்து சொல்லும் பொறுப்பு நாச்சிமுத்துவுக்கு. அவர் கைக்கு வந்த முதல் ஆக்சில் அது. அளவு பிசகினால், ஓடுகிற ஓட்டத்தில் மட்கார்டு தகரம் டயரை அறுத்துவிடும். உள்ளே ஆட்கள் இருப்பார்கள்.

வண்டியின் நடுவுக்கு நேராகத் தரையில் சாக்பீஸ் கோடு போட்டார். வலது மட்கார்டிலிருந்து தூக்குக் குண்டு விட்டு, கோடு வரைக்கும் அளந்தார். அதை இரண்டு மடங்காக்கி, டயருக்கும் இடைவெளிக்கும் கழித்துவிட்டு, வெட்டச் சொல்லலாம் என்று வந்து நின்றார்.

"இடது பக்கம் அளந்தீங்களா?" என்றாள் தமயந்தி.

"அது நசுங்கின பக்கமுங்க மாஸ்டர். தட்டி நிமிர்த்திட்டா ரெண்டும் ஒண்ணுதானுங்களே."

"அந்தப் பக்கம் சுத்தியல் படக் கூடாதுன்னு ஹெலன் அக்கா சொல்லியிருக்காங்க."

நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இத்தனை செலவு பண்றவங்க நசுங்கலை மட்டும் வெச்சுக்குவாங்களா? இதென்னங்க கிறுக்கு?"

தமயந்தி இடது பக்கத்துப் பின் கதவை இழுத்துத் திறந்தாள்.

"உள்ள உட்காருங்கண்ணா."

உட்கார்ந்தார். அவள் கதவைச் சாத்தினாள். உள்வாங்கிய தகரம் அவர் தோளைப் பிடித்துத் தள்ளியது.

"இடிக்குதுங்க."

"எவ்வளவு இடம் இருக்கு?"

ஒருக்களித்து நகர்ந்து, கையை வைத்துப் பார்த்தார். "பெரிய ஆள் உட்கார முடியாதுங்க. ஒரு குழந்தை வேணா உட்காரலாம்."

"உட்கார்ந்திருந்துச்சு."

நாச்சிமுத்து நிமிர்ந்து பார்த்தார்.

"மழையில வண்டி சறுக்கிப் புளியமரத்துல மோதியிருக்கு. ஹெலன் அக்காதான் ஓட்டிக்கிட்டு இருந்தாங்க. புள்ள இங்க. தகரம் இவ்வளவு தூரம் வந்து, இதோட நின்னுடுச்சு."

வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க ஹெலன் அன்றைக்கு வந்திருந்தார். அவர் மகள் ஜெனி வாசலில் கிடந்த பழைய டயர்மேல் ஏறுவதும் குதிப்பதுமாக இருந்தாள். விழுந்தாள், சிரித்தாள், மறுபடி ஏறினாள்.

நாச்சிமுத்து வண்டியை விட்டு இறங்கினார். யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நசுங்கிய தகரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பிறகு இடது பக்கம் குண்டு விட்டு அளந்தார். நாலு விரல் குறைவு.

"ஆக்சிலுக்கு எந்த அளவுங்க மாஸ்டர்?"

"இந்தப் பக்கத்து அளவுதான். ரெண்டு பக்கத்துக்கும்."

"அப்படிச் செஞ்சா வலது பக்கம் நாலு விரல் இடம் சும்மா கெடக்குமே. நல்லா இருக்கிற பக்கம் எதுக்குங்க உள்ள போகணும்?"

தமயந்தி வலது மட்கார்டைப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லாமல் அது பளபளத்தது.

"யார் அடி வாங்கினதால நல்லா இருக்குன்னு அதையே கேளுங்கண்ணா."