தலைகீழ் மலை

"அக்கா, குத்தின பச்சையைத் திருப்பி வைக்க முடியுமா?"

நஞ்சி வாசலில் நின்றே கேட்டாள். முதுகில் துணி போட்டுக் கட்டியிருந்த மகள் பொம்மி துவண்டு கிடந்தாள். நஞ்சியின் கையில் மைக் கொட்டாங்குச்சி.

கெம்பி முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். அந்த மலையில் பச்சை குத்துகிறவள் அவள்தான். நஞ்சி அவளிடம் தொழில் பழகுகிறவள். இரண்டு பேருக்கும் வயதில் பெரிய வித்தியாசமில்லை. கெம்பிக்கு ஒரு பிள்ளை கூடுதல், அவ்வளவுதான்.

"பச்சை என்ன பானை மூடியா, திருப்பி வைக்க? உள்ள வா."

நஞ்சி பிள்ளையை அவிழ்த்துப் பாயில் போட்டாள். அனலாய்க் கொதித்தது.

"எப்ப இருந்து காய்ச்சல்?"

"மழையில நனைஞ்சதுல இருந்து. அது கிடக்கட்டும் அக்கா. இதைப் பாரு."

பிள்ளையின் முன்கையைத் தூக்கிக் காட்டினாள். போன மாசம் நஞ்சியே குத்தியது. புண் ஆறி, பச்சை தெளிந்திருந்தது. ஒரு மலை. மலைக்குக் கீழே நெளிந்து ஓர் ஓடை. ஓடைக்குக் கீழே ஒரு புள்ளி. அது வீடு.

அந்தச் சனத்தில் பெண் பிள்ளை பால் மறக்கும் முன்னே இதைக் குத்திவிட வேண்டும். செத்தவளின் பாசிமணியைக் கழற்றிக்கொள்வார்கள். சேலை மண்ணோடு மக்கிப் போகும். கைப்பச்சை மட்டும்தான் கூடப் போகும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் முன்னே போனவர்கள் இருக்கிற ஊருக்கு அவள் வழி கண்டுபிடிக்க வேண்டும்.

கெம்பி பார்த்தாள். மலையின் உச்சி முழங்கைப் பக்கம் இருந்தது. மணிக்கட்டுப் பக்கம் இருக்க வேண்டியது.

"நான் எப்படி உக்காந்து குத்தச் சொன்னேன்?"

"பின்னால உக்காந்து. குத்திக்கிறவ கண்ணு எப்படிப் பார்க்குமோ, அப்படி."

"நீ எப்படி உக்காந்தே?"

"எதிர்ல."

"ஏன்?"

"என் மூஞ்சி தெரியலேன்னா அழுதா."

கெம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நஞ்சிக்கு வரவில்லை.

"எனக்கு நேரா இருந்துச்சு அக்கா. அவளுக்குத் தலைகீழா நிக்குதுன்னு இன்னிக்குத்தான் தோணுச்சு. விடிஞ்சதுல இருந்து கஞ்சி இறங்கல. கண்ணு செருகுது."

"கீழ ஆஸ்பத்திரிக்குப் போகலையா?"

"போற வழியில ஏதாவது ஆயிட்டா?"

கெம்பி முறத்தைக் கீழே வைத்தாள்.

"இந்தக் கையோட எப்படி அனுப்புவேன்? எந்தப் பக்கம்னு நிப்பா? பக்கத்துல நேரா ஒண்ணு குத்திரு. உடனே கிளம்பிடறேன். மை குழைச்சுக் கொண்டாந்திருக்கேன். என் பால் விட்டுத்தான் குழைச்சேன்."

கெம்பி கொட்டாங்குச்சியை வாங்கினாள். முகர்ந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் குழைச்சிருக்கே."

அடுப்புச் சாம்பலில் கவிழ்த்துவிட்டாள்.

நஞ்சி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"ஊசியைக் கொடு. நானே வேற மை கூட்டிக் குத்திக்கிறேன்."

கெம்பி ஊசிக் கட்டைக் கூரை இடுக்கில், நஞ்சிக்கு எட்டாத உயரத்தில் செருகினாள்.

"ஏண்டி, இவ இதுவரைக்கும் எங்கயாச்சும் தனியாப் போயிருக்காளா?"

"பச்சப் பிள்ளை எங்க தனியாப் போகும்? தூக்கிட்டுத்தானே போகணும்."

"எப்படித் தூக்குவே?"

"எப்பவும் போல, முதுகுல கட்டி."

கெம்பி பாயிலிருந்து பிள்ளையை எடுத்தாள். நஞ்சி துணியை விரித்து முதுகைத் திருப்பினாள். கெம்பி அவள் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். பிள்ளையை நெஞ்சோடு சேர்த்து வைத்து, துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.

பொம்மி கண் திறக்கவில்லை. வழக்கம்போலக் கை மட்டும் மேலே ஏறி, அம்மாவின் கழுத்துப் பாசியைப் பிடித்துக்கொண்டது.

நஞ்சி குனிந்து பார்த்தாள்.

முன்கை அவள் கண்ணுக்குக் கீழே கிடந்தது. மலை நேராக நின்றது. அதற்குக் கீழே ஓடை. அதற்கும் கீழே வீடு.

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கீழே வளைவில், ஆஸ்பத்திரிப் பக்கம் இறங்குகிற ஜீப்பின் ஹாரன் கேட்டது.

"அப்புறம் பார்த்துக்கலாம்," என்றாள் கெம்பி. "ஓடு."