தூவி தூங்கும் காட்சி

சாலிகிராமத்தில் ஒரு கார்ட்டூன் பட ஸ்டுடியோ. அங்கே வரையக் கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தவர் ஆவுடையப்பன். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குக் குரு ரெஜினா. வயதில் அவர் மகளைவிட நாலைந்து வருஷம் மூத்தவள், அவ்வளவுதான். இவர் அவளை "மாஸ்டர்" என்பார். அவள் இவரை "அண்ணாச்சி" என்பாள். இருவருக்கும் திருநெல்வேலிப் பக்கம் என்பதால் அது இயல்பாக ஒட்டிக்கொண்டது.

படத்தில் தூவி என்று ஒரு மாயக்குழந்தை. காற்றில் பிறந்தவள். பசிக்காது, நடக்கமாட்டாள், மிதப்பாள். அவள் தூங்குகிற காட்சியை ஆவுடையப்பனிடம் கொடுத்தார்கள். அவருக்குக் கிடைத்த முதல் காட்சி. மனுஷர் தரையில் கால் பாவாமல் திரிந்தார்.

காற்றில் பிறந்தவளுக்கு மூச்சு எதற்கு என்று நினைத்தார். கண்மூடிய தூவியை ஒரே ஒரு படமாக வரைந்து, காட்சி முடியும்வரை அதையே அசையாமல் நிறுத்திவைத்தார். தலைக்கு மேலே ஒரு மேகம். மேகத்துக்குள் அவள் காணும் கனவு. யானை, ராட்டினம், மிட்டாய் என்று ஜமாய்த்திருந்தார்.

அக்கம்பக்கத்துக் குழந்தைகளைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார்கள். அந்தக் காட்சி வந்ததும் முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் வீறிட்டாள்.

"அம்மா, பாப்பா செத்துப்போச்சும்மா!"

யானையை ஒருத்தரும் பார்க்கவில்லை.

ஆவுடையப்பன் முகத்தில் ஈயாடவில்லை. டைரக்டர் திட்டவில்லை. "நாளைக்குள்ள சரியாகலைன்னா வேற ஆளுக்குக் குடுத்துடலாம்" என்று ரெஜினாவிடம் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. இந்த வயசில் காட்சி கை மாறினால் மறுபடி பென்சிலைத் தொட மனசு வராது. அது ஆவுடையப்பனுக்கே தெரிந்திருந்தது.

மத்தியானம் ரெஜினாவின் மேஜையருகே போய் நின்றார்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க அண்ணாச்சி."

"இவ மந்திரப் பிள்ளை. அலுப்பே கிடையாது. இவளுக்குத் தூக்கம் எதுக்கு? கனவுதான் எதுக்கு?"

ரெஜினா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். திரையில் அவருடைய தூவியை எடுத்து வைத்தாள்.

"எழுப்புங்க."

"என்னது?"

"இவளை எழுப்புங்க."

யாரும் பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிக்கொண்டு, ஆவுடையப்பன் விரலால் திரையைத் தட்டினார். "ஏ பிள்ள, எந்திரி." சொல்லும்போதே நாக்கு கூசியது. கண்ணாடியைத் தட்டுகிறோம் என்பதைத் தவிர ஒன்றும் தோன்றவில்லை.

"உங்க மகளை எப்படி எழுப்புவீங்க?"

"நான் எழுப்பினதே இல்லியே மாஸ்டர். வண்டி முடிச்சு வரும்போது தூங்கிட்டிருப்பா. அவ முழிக்கிறதுக்குள்ள அடுத்த வண்டிக்குக் கிளம்பிருவேன்."

"நடுவுல என்ன செய்வீங்க?"

"என்ன செய்ய? பக்கத்துல உக்காந்திருப்பேன்."

வாய் பேசிக்கொண்டிருக்க, மனசு பழைய ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டது. கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் பாய் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். பிள்ளையின் வயிறு ஏறி இறங்குகிறது. உதடு லேசாகப் பிரிகிறது. கால் கட்டைவிரல் ஒருமுறை வெட்டிக்கொள்கிறது. திடீரென்று தூக்கத்திலேயே சிரிக்கிறாள். "நரி விரட்டுது" என்கிறாள் மனைவி. பிள்ளை தூக்கத்தில் சிரித்தாலோ அழுதாலோ கனவில் நரி வந்திருக்கிறது என்பார்கள் அந்தப் பக்கத்தில். எவ்வளவு நல்ல நாள்கள் அவை! மகள் இப்போது மஸ்கட்டில் இருக்கிறாள். அவளுடைய குழந்தைப் பருவத்தில் அவருக்கு வாய்த்தது அந்தத் தூக்கம் மட்டும்தான். 

ரெஜினா சத்தமில்லாமல் எழுந்து வெளியே போனாள். அவர் உட்கார்ந்து வரைய ஆரம்பித்தார்.

மறுநாள் அதே குழந்தைகள் வந்தார்கள். தூவியின் வயிறு ஏறி இறங்கியது. கட்டைவிரல் வெட்டியது. உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது. நேற்று வீறிட்ட பெண் பக்கத்துப் பையனின் வாயைப் பொத்தினாள்.

"உஷ்! பாப்பா முழிச்சிரும்."

டைரக்டர் ரெஜினாவைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். ஆவுடையப்பனுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் ஒரு குறை. தலைக்கு மேலிருந்த மேகத்தை அவர் காலியாக விட்டிருந்தார். உள்ளே என்ன வரைவது என்று பிடிபடவேயில்லை.

"மாஸ்டர், அதுல ஒரு நரியைப் போட்டுரட்டுமா?"

"உங்க மக சிரிச்சப்போ அந்த நரியை நீங்க பாத்தீங்களா அண்ணாச்சி?"

"இல்ல மாஸ்டர்."

"பாக்க முடியலைன்னு எந்திரிச்சுப் போயிட்டீங்களா?"

அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"மேகத்தை அழிச்சிருங்க. கனவு அவளோடது. நமக்குப் பக்கத்துல உக்காரத்தான் குடுத்துவச்சிருக்கு."