சுண்ணாம்பு வைக்காத கல்

அந்நிய ராஜாவின் கொடியை இறக்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் புது நாட்டின் சிறை நிரம்பி வழிந்தது. மந்திரி வீரபாகு, கொத்தனார் சடையனை ஆள் அனுப்பி வரவழைத்தார்.

"சிறை மதிலை இடிச்சுட்டுப் புதுசாக் கட்டு. ஒருத்தன் தப்பிச்சாலும் உன் தலை போயிடும்!"

சடையன் பெருமூச்சு விட்டான். போன ராஜாவும் இதே மதிலுக்கு இதே தலையைத்தான் கேட்டிருந்தான்.

"கட்டிடுறேன் எசமான். ஒண்ணே ஒண்ணு கேக்கணும்," என்று பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினான். "பழைய மதில்ல, கிணத்துப் பக்கம் ஒரு கல்லுக்கு மட்டும் நான் சுண்ணாம்பு வைக்கலை. அதைத் தள்ளிட்டுத்தான் நீங்க அன்னைக்குத் தப்பிச்சீங்க. காவலாளிங்களை வாளால வெட்டிட்டு வந்ததா ஊர் சொல்லுது, சொல்லட்டும். நான் பார்த்து இது மூணாவது கொடி. இப்ப அந்தக் கல்லுக்குச் சுண்ணாம்பு வைக்கவா, வேண்டாமா?"

மந்திரி சேவகர்களை வெளியே போகச் சொன்னார். சன்னல் வழியே புதுக் கொடியை வெகுநேரம் பார்த்தார்.

"வேண்டாம்," என்றார்.

சடையன் வாசலைத் தாண்டும்போது மறுபடி கூப்பிட்டார்.

"சடையா, கல்லைக் கொஞ்சம் பெரிசா வை. பதவிக்கு வந்தப்புறம் எனக்கு உடம்பு பெருத்துப்போச்சு."