தண்ணீர் குடிக்கப் போன டாக்டர்

மருத்துவம் படித்து ஆஸ்பத்திரியில் பயிற்சிக்கு வந்த சிவநேசனுக்கு, எதிரில் ஒரு நோயாளி உட்கார்ந்தால் போதும், தாகம் எடுத்துவிடும்.

"ஒரு நிமிஷம், தண்ணி குடிச்சுட்டு வந்துடுறேன்" என்று எழுந்து போவான். தாழ்வாரத்தில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்து நின்று, கைபேசியைத் திறந்து தெரியாததைப் படிப்பான். சொன்னது பொய்யாகக் கூடாதே என்று ஒரு வாய் தண்ணீரும் குடித்துவைப்பான்.

காரணம் இல்லாமல் இல்லை. வந்த புதிதில் ஒரு பெரியவர் முன்னால் கைபேசியைப் பார்த்துவிட்டான். "நீங்க படிச்சு முடிச்சுட்டுச் சொல்லி விடுங்க தம்பி, அப்புறமா வாறேன்" என்று அவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். வரிசையே சிரித்தது. தனக்குத் தெரியாது என்பது இனி எந்த நோயாளிக்கும் தெரியக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தான். தெரிந்துவிட்டால் அப்புறம் யார் நம்பி வருவார்கள்?

பக்கத்து மேசையில் அவனுடைய ஆசிரியர் டாக்டர் ஜெசிந்தா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஒரு நாள் வந்தது செண்பகவடிவு. இட்லிக் கடை வைத்திருப்பவள். இரண்டு முழங்காலும் வீங்கியிருந்தன.

"நின்னு நின்னு தேஞ்சு போச்சுய்யா. உடனே கேக்குற மாதிரி நல்ல வலி மாத்திரையா எழுதுங்க. கடையில நிக்கணும்லா."

"வேற எதுக்காவது மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?"

"பிரஷருக்கு ஒண்ணு."

பிரஷர் மாத்திரையோடு இந்த வலி மாத்திரை சேருமா? சிவநேசனுக்குத் தாகம் எடுத்தது. எழுந்து போனான்.

செண்பகவடிவு பக்கத்து மேசைப் பக்கம் சாய்ந்தாள். "டாக்டரம்மா, இந்தத் தம்பிக்குச் சக்கரை இருக்கான்னு ஒரு வாட்டி பாத்துருங்க. நான் வரிசையில நின்ன நேரத்துக்குள்ள எத்தனை தண்ணி! எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பாத்துடுறேன்கா."

சிவநேசன் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான். "கிட்னியில எதுவும் கோளாறு உண்டாம்மா?"

"சீக்கு ஒண்ணும் கெடையாதுய்யா."

எழுத ஆரம்பித்தான். ஜெசிந்தா நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நேசா, நீ பார்த்த பக்கத்தை எடு."

அவன் முகம் செத்துவிட்டது. "எந்தப் பக்கம், மேடம்?"

"வெளியில பார்த்தியே, அது."

வேறு வழியில்லாமல் எடுத்தான். அவர் கைபேசியை வாங்கி மேசை நடுவில் வைத்தார். "அக்கா, எங்களுக்கு ஒரு சந்தேகம். இதுல பார்க்கிறோம். நீங்களும் சேர்ந்து பாருங்க."

செண்பகவடிவு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தாள். "இங்கிலீசுலல்லா இருக்கு. வாசிங்க, கேக்கேன்."

இந்த மாத்திரை யாருக்கெல்லாம் ஆகாது என்று ஜெசிந்தா தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். வயிற்றுப் புண் உள்ளவர்கள். "அது இல்ல." மூச்சிரைப்பு உள்ளவர்கள். "அதுவும் இல்ல." ஒரே ஒரு கிட்னியோடு இருப்பவர்கள்.

செண்பகவடிவு கண்ணாடியைக் கழற்றினாள்.

"அப்படி ஆளுக உண்டுன்னு இதுல போட்டிருக்காம்மா?"

"போட்டிருக்கு."

"என் தம்பிக்கு ஒண்ணு குடுத்தேன். ரொம்ப வருசமாச்சு. அவன் பேரப்பிள்ளை எடுத்துட்டான்."

சிவநேசனின் பேனா நின்றது. "நான் கேட்டேனேம்மா!"

"சீக்கு உண்டான்னுதானய்யா கேட்டீரு? இது சீக்கா? குடுத்தது. குடுத்ததை வாயால சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா, அது குடுத்ததாகுமா?"

"பிரஷருக்குப் பார்க்கிற டாக்டருக்குத் தெரியுமா?" என்று கேட்டார் ஜெசிந்தா.

"அவரு எல்லாம் தெரிஞ்சவரு. ஒரு வார்த்தை கேக்க மாட்டாரு, நாம சொல்லவும் தோணாது."

சிவநேசன் எழுதியதை அடித்தான். மூவருமாகப் பேசி வேறு மாத்திரை, பூசுவதற்கு ஒரு களிம்பு, ரத்தப் பரிசோதனை என்று முடிவானது. உட்கார்ந்து மாவு ஊற்ற ஒரு முக்காலி வாங்கிக்கொள்வதாக அவளே சொன்னாள். போகும்போது அவன் தோளைத் தட்டினாள். "நீங்களும் ரத்தம் பாத்துருங்க தம்பி. வெளையாட்டா விட்ராதீக."

அவள் போன பிறகு சிவநேசன் கைபேசியை எடுத்து அந்தப் பக்கத்தை மறுபடி பார்த்தான்.

"மேடம், அந்த ஒத்தைக் கிட்னி வரியை நானும் படிச்சேன்."

"தெரியும்."

"நான் கேட்டப்போ சொல்லாதவங்க, நீங்க கேட்டதும் எப்படிச் சொன்னாங்க?"

"நான் எங்கே கேட்டேன்? வாசிச்சேன், அவ்வளவுதான்."

சிவநேசன் இத்தனை நாள் மனதில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டான். "நீங்க போனைப் பார்க்கலாம் மேடம், உங்களுக்குப் பேர் இருக்கு. நான் அவங்க முன்னாடி பார்த்தா, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைக்க மாட்டாங்களா? அப்புறம் என்னை எப்படி நம்புவாங்க?"

ஜெசிந்தா நாற்காலியைத் தன் மேசைக்கு இழுத்துக்கொண்டே சொன்னார்:

"எல்லாம் தெரிஞ்சவர்கிட்ட இத்தனை வருஷமாச் சொல்லாததை, தெரியாம முழிச்சுக்கிட்டிருந்த ரெண்டு பேர்கிட்டதானேடா சொல்லிட்டுப் போறாங்க."