ஆறாயிரம் பேரும் ஆளுக்கொரு விறகும்

ரொம்ப காலத்துக்கு முன்னாடி கருமலை நாட்டைத் திருமேனி ராஜான்னு ஒருத்தரு ஆண்டுக்கிட்டிருந்தாரு. நல்ல மனுசன்தான், ஆனா ஒரு கிறுக்கு! எதைக் கேட்டாலும் 'போன வருசத்தவிட அதிகம்'னு பதில் வரணும். மழையா? அதிகம். மாம்பழமா? அதிகம். குறைஞ்சுபோச்சுன்னு சொன்னவன் மறுநாள் அரண்மனைல இருக்க மாட்டான்.

அந்த அரண்மனைச் சமையக்கட்டுல அடுப்பெரிக்கிறவ வெள்ளச்சி. அவளும் அவ புருசன் மாசாணனும் முன்ன காட்டுல மரம் அறுத்தவங்க. ரெண்டு பக்கமும் பிடி வெச்ச நீட்டு ரம்பம் இருக்குல்ல, அதுல அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவ. அவன் இழுக்கறப்ப இவ விட்டுக்குடுக்கணும், இவ இழுக்கறப்ப அவன். நாள் பூரா ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாத்துக்கிட்டே வேலை. சண்டையும் அதுலயே, சமாதானமும் அதுலயே!

மலை மொட்டையாச்சு, வேலையும் போச்சு. ஆம்பளைங்க எல்லாம் எல்லை தாண்டி, பக்கத்து ராஜாவோட காட்டுக்கு மரம் வெட்டப் போயிட்டாங்க. மாசாணனும் போனான். அங்க பொம்பளைங்களச் சேத்துக்க மாட்டாங்களாம். இப்ப அவன் ரம்பத்துக்கு எதிர்ப் பக்கம் யாரோ ஒருத்தன். அத நினைச்சாலே வெள்ளச்சிக்கு வயித்தெரிச்சல்.

எப்பவாவது உப்பு வண்டிக்காரரு அவன்கிட்டருந்து சேதி கொண்டு வருவாரு.

"என்னண்ணே சொன்னாரு?"

"சாப்பிட்டியான்னு கேக்கச் சொன்னாம்மா."

அவ்ளோதான். அந்த ஒரு கேள்விய வெச்சுக்கிட்டு அவ ஒரு மழைக்காலத்தையே ஓட்டிருவா.

இப்படி இருக்கறப்ப, ராஜாவோட பொறந்தநாளுக்கு முந்தின நாள், சபைல வடமலையாரு எழுந்தாரு. காட்டு இலாகா அவரு கைலதான். ராஜா சிரிச்சா தன்னாலதான் சிரிக்கணும்னு நினைக்கிற ஆளு. வெள்ளச்சி ஏதாவது வெடுக்குனு சொல்லி ராஜா ரசிச்சுட்டா போதும், அன்னிக்கு இவருக்குச் சோறு எறங்காது.

"மகாராஜா! காட்டு வேலைல போன வருசம் அஞ்சாயிரம் பேரு. இந்த வருசம் ஆறாயிரம்!"

ராஜா தொடையத் தட்டினாரு. "அப்படிப் போடு! அப்ப பொழைக்க வெளிநாடு போனவன் எவனும் இல்லைல்ல?"

"ஒருத்தன்கூட இல்ல மகாராஜா!"

சாம்பிராணிக்குக் கங்கு போட வந்த வெள்ளச்சி அப்படியே நின்னுட்டா. போனவனே இல்லைன்னா, அவனத் திரும்பக் கூப்பிட யாரு ஆள் அனுப்புவா?

"ராஜா, அந்த ஆறாயிரத்துல எம் புருசனும் இருக்காரா?"

"இல்லாம?"ன்னு முந்திக்கிட்டாரு வடமலையாரு.

"அப்ப இன்னிக்கு ராச்சோத்துக்கு வரச் சொல்லுங்களேன். மூணு வருசமா உலை வெச்சுட்டு உக்காந்திருக்கேன்."

சபையே கொல்லுனு சிரிச்சுது. அவ சிரிக்கல.

"அடுப்பூதறவளுக்கு நாட்டுக் கணக்கு எதுக்கு? நான் சொன்னது பொய்னு காட்டட்டும் மகாராஜா, முடியலன்னா ஊரவிட்டே போகட்டும்!"

ராஜாவுக்கு ஒரே குஷி. "சரி! காட்டுறியா வெள்ளச்சி?"

ஊரவிட்டுப் போனா உப்பு வண்டி அவள எங்க வந்து தேடும்? ஆனா வாய் சும்மா இருக்கல.

"பெருசா ஒண்ணும் வேணாம் ராஜா. ஆறாயிரம் பேரும் ஆளுக்கு ஒரே ஒரு விறகு அனுப்பட்டும். சமையக்கட்டுல வறட்டியும் தென்னமட்டையும் எரிச்சு என் கண்ணே போச்சு. நாளைக்கு உங்க பொறந்தநாள் பொங்கலயாவது நல்ல விறகுல வெப்போம்."

"ப்பூ, இவ்ளோதானா? வடமலை, காலைல விறகு வந்தாகணும்!"

வடமலையாரு மூஞ்சி செத்துப்போச்சு. காட்டுல ஆளும் இல்ல, மரமும் இல்லையே!

ஆனா பாருங்க, விடிஞ்சதும் வண்டி வண்டியா விறகு வந்து நின்னுச்சு!

"பாத்தியா!"ன்னாரு ராஜா. வெள்ளச்சி விடல. கிட்டப் போயி ஒரு கட்டைய உருவினா. பாத்ததும் மூச்சு வந்துச்சு.

"ராஜா, நம்ம காட்டு மரத்துல கிளி உக்காந்திருக்கு பாருங்க. ச்சூ ச்சூன்னாலும் பறக்க மாட்டேங்குது."

ராஜா வாங்கிப் பாத்தாரு. "யோவ், இது நான் உனக்குக் குடுத்த கிளி செதுக்கின ஊஞ்சல்யா!"

"அது... புது ஜாதி மரம் மகாராஜா."

"பித்தளை ஆணியோடவா முளைக்குது?"

அதுக்குள்ள வடமலையாரோட மாமியா வண்டிக்குப் பின்னாலயே ஓடி வந்துட்டாங்க. "ஏ மாப்ள! எங் கட்டில் காலு எங்க? விடிஞ்சு பாத்தா தரைல கெடக்கேன்!"

"அத்தே, சபை நடக்குது, வீட்டுக்குள்ள போங்க!"

"வாசக்கதவையே காணோம், இனி உள்ள என்ன வெளிய என்ன!"

ராஜா வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. சிரிச்சவரு சட்டுனு நிறுத்தினாரு.

"அப்ப... காட்டுல யாருமே இல்லையா?"

வடமலையாரு கால்ல விழுந்துட்டாரு. "குறைஞ்சுதுன்னா நீங்க விட்டுவெக்க மாட்டீங்களே மகாராஜா..."

"பொய் சொன்னது அவருதான் ராஜா"ன்னா வெள்ளச்சி. "ஆனா அதுதான் வேணும்னு கேட்டது நீங்க."

ராஜா கிரீடத்தக் கழட்டி மடில வெச்சுக்கிட்டாரு.

"சரிதாம்மா. உனக்கு என்ன வேணும்? பொன்னா?"

"ஆளு வேணும் ராஜா. வெட்டறது மட்டுமா காட்டு வேலை? குழி தோண்டணும், கன்னு நடணும், மான் கடிக்காமப் பாத்துக்கணும். எல்லைக்கு அந்தப் பக்கம் தமுக்கடிச்சுக் கூப்பிடுங்க. வேலை இருக்குன்னா எங்க ஆளுங்க நடந்தே வந்துருவாங்க."

அன்னிக்கே தமுக்கு கெளம்புச்சு. வடமலையாருக்குக் கன்னுக்குத் தண்ணி சொமக்கிற வேலை.

கொஞ்சம் கொஞ்சமா ஆளுங்க வர ஆரம்பிச்சாங்க. யாரு யாரோ வந்தாங்க, மாசாணன் மட்டும் வரல. ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் வெள்ளச்சி திரும்பிப் பாப்பா. அப்புறம் பாக்கறதையே விட்டுட்டா.

அடுப்ப விட்டுட்டு அவளும் காட்டு வேலைக்கு வந்துட்டா. ஒருநாள் பொழுது சாயற நேரம், மலைச்சரிவுல கன்னு நடக் குழி வெட்டிக்கிட்டிருந்தா. பின்னாடி யாரோ வந்து நின்ன மாதிரி இருந்துச்சு.

"குழி ஆழம் பத்தாது."

மண்வெட்டி அப்படியே நின்னுச்சு. அவ திரும்பல. கண்ணு ரெண்டும் முட்டிக்கிட்டு நிக்குது, எப்படித் திரும்புவா?

"பத்தலைன்னா எறங்கி வெட்டறது. யாரு வேணாம்னா?"

அவன் எறங்கினான்.